பக்கக்குழாய்

“கையை எடுங்க, டீச்சர்.”

பக்கக்குழாயின் வால்வை மூடப்போன செண்பகவல்லி கையை எடுக்கவில்லை. மடத்து ஓட்டுக்கூரையில் மழை இப்போதுதான் பிடித்திருந்தது. கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் பக்கக்குழாய் வழியே மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய மற்றொரு கையில், வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு நொச்சிச் செடி.

“வீணாப் போகுது, சாமி.”

“முதல் மழை. இப்பவே மூடினா தூசியும் காக்கா எச்சமும் தொட்டிக்குள்ள போயிரும். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

கையை எடுத்தாள். மடத்தின் குரு அவளைவிட வயதில் இளையவர். அவரிடம் இப்படி மாட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதல்ல.

“நாசமாப் போவான்! தாளாளரைத்தான் சொல்றேன். ஜேசிபியை விட்டு, பள்ளிக்கூடத்துல நான் போட்ட தோட்டத்தையே வழிச்சு எடுத்துட்டான். நொச்சி, ஆவாரை, காரை, எல்லாம் களையாம். மைதானம் பூரா சிமெண்டுக் கல் பதிக்கப்போறானாம். அவன் அப்பன் பஸ் ஸ்டாண்டுல வடை வித்தவன். இவனுக்கு வந்த பவிசைப் பாருங்க! நான் விருது வாங்கின போட்டோவையும் கழட்டி வீசிட்டான்.”

குரு ஒரு டம்ளரைப் பக்கக்குழாயில் பிடித்து அவளிடம் நீட்டினார். பழுப்புத் தண்ணீர். அதில் ஓர் இறகு மிதந்தது.

“இதைக் குடிக்கவா சொல்றீங்க?”

“யாராவது குடிப்பாங்களா?” கீழே ஊற்றிவிட்டு மறுபடியும் பிடித்தார்.

அவள் தலைமையாசிரியையைத் திட்டினாள். வாட்ச்மேனைத் திட்டினாள். இதையெல்லாம் கேட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிற சாமியார்களைத் திட்டினாள். குரு டம்ளரைப் பிடிப்பதும் ஊற்றுவதுமாக இருந்தார். கடைசியில் திட்ட ஆள் தீர்ந்துபோயிற்று. தண்ணீர் தெளிந்து டம்ளரின் அடிப்பாகம் தெரிந்தது.

“இன்னும் இருக்கா, டீச்சர்?”

அவள் நொச்சியின் வேரைப் பார்த்தாள்.

“நாளைக்கு மழைநீர்க் குழியையும் மூடிருவாங்க. அந்தக் குழியாலதான் பள்ளிக்கூடத்துப் போர்வெல்ல தண்ணி நிக்குது. குழி வெட்டுறதுக்கு முன்னாடி, கக்கூஸுக்குத் தண்ணி இல்லைன்னு பொம்பளப் பிள்ளைங்க பகல் முழுக்க வாய் நனைக்காம இருந்தாங்க. ஒருத்தி பிரேயர்ல மயங்கி விழுந்தா. தாளாளருக்கும் இது தெரியும். தெரிஞ்சே செய்றாரு.”

குரல் உயரவில்லை.

“கோபம் போயிருச்சா?”

“இல்ல.”

“போகக் கூடாது. இப்ப சொன்னதை மட்டும் அவர்கிட்ட கொண்டுபோங்க.”

செண்பகவல்லி முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். போகிற போக்கில் குனிந்து வால்வை மூடினாள்.