கல்லாறு எப்போது போனது?

அமுதவல்லிக்கு நாற்பது வயது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட கிருபாகரனுக்கு அறுபத்தொன்று. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலைக்கு வந்தவர் அவர். சேதமான வீட்டைப் போய்ப் பார்த்து, எது பாலிசியில் வரும், எது வராது என்று எழுதித் தரும் வேலை. உரிமம் வாங்க ஒரு வருடம் யாரிடமாவது பயிற்சி பெற வேண்டும். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார்.

நவம்பரில் ஒரு நாள் இருவரும் குன்னூருக்குப் போனார்கள். பேருந்தில் கிருபாகரன் கேட்டார்.

"பூஞ்சணம் மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது மேடம். ஒரு வீட்டுக்குக் கொடுக்கிறாங்க, ஒரு வீட்டுக்கு இல்லைங்கிறாங்க. எப்படிப் பிரிக்கிறது?"

"போய்ப் பார்ப்போம் சார்" என்றார் அமுதவல்லி.

வீடு லூர்துமேரி என்ற ஓய்வு பெற்ற நர்ஸுடையது. கணவர் சூசைராஜ் ரயில்வேயில் இருந்தவர், இறந்து ஏழு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜெனிட்டா திருச்சியில். மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே தனியாக இருந்தார். அக்டோபரில் மாடிக் குளியலறைக் குழாய் வெடித்து, கீழே மகளின் அறை முழுக்க நனைந்துவிட்டது. சுவரெல்லாம் பூஞ்சணம். எல்லாம் அக்டோபரில் வந்ததுதான் என்று லூர்துமேரி வாசலிலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அறைக்குள் போனதும் கிருபாகரன் நின்றுவிட்டார். சுவர் முழுக்க ஒரு ரயில் பாதை வரைந்திருந்தது. தரையோரம் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, வளைந்து வளைந்து ஏறி, கூரையடியில் ஊட்டியில் முடிகிற பாதை. நடுவில், குன்னூருக்குப் பக்கத்தில், நீல நிற வண்டி ஒன்று புகைவிட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மேலே ஒரு பூஞ்சணம், வெளிர்பச்சையாக, பஞ்சு மாதிரி. கீழே ஒரு பூஞ்சணம், கறுப்பாக, சுவரோடு சுவராக இறங்கியது.

கட்டட வேலை பார்த்தவர் என்பதால், கீழே இருப்பது பழசு என்று கிருபாகரனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மண்ணிலிருந்து ஏறிய ஓதம். திடீரென்று குழாய் வெடித்து, அதனால் பூஞ்சணம் வந்தால் இந்தப் பாலிசியில் உண்டு. கவனிக்காமல் விட்டு வந்த ஓதத்துக்குக் கிடையாது. இந்தக் கறுப்பைக் காட்டியே கம்பெனி மொத்தத்தையும் தள்ளிவிடும் என்று நினைத்தபோது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

ஈரத்தை அளக்கும் கருவி அமுதவல்லியின் பையிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "யாரும்மா வரைஞ்சது?" என்று கேட்டார்.

லூர்துமேரியின் முகம் மாறியது. ஜெனிட்டாவுக்கு ஒன்பது வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாளாம். வெளியே தூக்கிப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் சூசைராஜ் வேலையிலிருந்து வரும்போது மீந்த பெயிண்ட் டப்பாக்களோடு வந்தாராம். பிள்ளை வண்டியிடம் போக முடியாவிட்டால் வண்டி பிள்ளையிடம் வரட்டும் என்றாராம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்டேஷன். கஷாயம் குடித்து, ஊசி போட்டுக்கொண்டு, அழாமல் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரும். பெயர் எழுதி முடித்ததும் வாயாலேயே விசில் அடிப்பார். மகள் கைதட்டுவாள். பிள்ளை எழுந்து நடந்த வாரத்தில்தான் ஊட்டி வந்தது.

"அந்த விசிலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்" என்று சொல்லி லூர்துமேரி சிரித்தார்.

கிருபாகரனுக்கு, கல்யாணமான புதிதில் அதே வண்டியில் மனைவியோடு போனது ஞாபகம் வந்தது. சுரங்கம் வரும்போதெல்லாம் அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். வண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் விட்டுவிடுவாள்.

பாதையின் அடியில், மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரைக் கறுப்பு மூடியிருந்த இடத்தைக் காட்டி அமுதவல்லி மெதுவாகக் கேட்டார். "கல்லாறு எப்போம்மா போச்சு?"

"அது அவர் செத்த வருஷம், மழையில" என்றார் லூர்துமேரி, சுவரைப் பார்த்தபடியே. "மேட்டுப்பாளையம் அதுக்கும் முன்னாடி. திரும்ப எழுதித் தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அடர்லி, பேத்தி பிறந்த வருஷம். ஹில்குரோவ் போன மழையில போச்சு. துடைச்சா பாதையும் சேர்ந்து போயிடுமேன்னு நான் கையே வைக்கல. ஒவ்வொரு மழைக்கும் வந்து நின்னு பார்ப்பேன்."

"ஊட்டி?"

"அது ஒரே நாள்ல. கோயிலுக்குப் போகும்போது இருந்துச்சு. வந்து பார்த்தா மேலேயிருந்து தண்ணி கொட்டுது. அப்புறம் ஒரே வாரத்துல லவ்டேல், கேத்தி எல்லாம் பூத்துப்போச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முந்தானையைத் திருகினார். எல்லாம் அக்டோபர் என்று சொல்லச் சொன்னது குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர்தான் என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்போ சொன்னதையே எழுதிக்குங்க."

அமுதவல்லி எழுதிக்கொண்டார். பிறகு வீட்டைச் சுற்றி வந்து, அந்தச் சுவரோரம் பூச்செடிக்காகக் குவித்திருந்த மண்ணைக் காட்டி, ஓதம் ஏறுவது நிற்க முதலில் அதை அள்ளச் சொன்னார்.

கிருபாகரன் நினைத்தது போலவே கம்பெனி பூஞ்சணம் என்ற சொல்லைப் பார்த்ததும் மொத்தமாக மறுக்கப் பார்த்தது. எந்த ஸ்டேஷன் எப்போது போனது என்று வரிசையாக எழுதியிருந்த அறிக்கைதான் அதைத் தடுத்தது. கூரைக்கும், மேல் சுவருக்கும், நனைந்த மெத்தைக்கும் கொடுத்தார்கள். கீழ்ச் சுவருக்குக் கொடுக்கவில்லை.

வேலை முடிந்ததா என்று பார்க்க இருவரும் பிப்ரவரியில் மறுபடி போனார்கள். கூரையும் சுவரும் உலர்ந்திருந்தன. கீழ்ச் சுவரை லூர்துமேரி தன் செலவில் பூசியிருந்தார். மேலே ஊட்டியை ஜெனிட்டா வந்து எழுதிவிட்டுப் போயிருந்தாள். எழுத்து கொஞ்சம் கோணல். கீழே வெறும் வெள்ளை. அங்கே எழுத யாரையும் கூப்பிடவில்லை என்று லூர்துமேரி டீ கொடுக்கும்போது சொன்னார். அதை அவர் வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

இறக்கத்தில் நடந்து வரும்போது கிருபாகரனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கீழே இருந்ததையும் அக்டோபர்லயே சேர்த்திருந்தா யாருக்கு மேடம் தெரியப்போகுது? அந்தம்மாவும் வாங்கியிருப்பாங்க."

"வாங்கியிருப்பாங்க."

"அப்புறம் ஏன்?"

அமுதவல்லி நின்றார்.

"ஒரே நாள்ல போனது கம்பெனி ஏத்துக்க வேண்டிய நஷ்டம் சார். வருஷம் வருஷமா நின்னு பார்த்தது அவங்களோடது. அதையும் அக்டோபர்னு எழுதி நாம எப்படி எடுத்துக்கிறது?"

இருவரும் பேருந்து நிலையம் வரை நடந்தார்கள்.