இடப்பக்கத்துத் தப்பு

கோயம்புத்தூரில் சௌடேஸ்வரி என்று ஒரு மென்பொருள் பொறியாளர் இருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை கம்பெனியில் புரோகிராம் எழுதுவார். சனிக்கிழமை காலையில் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துவார். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். மேலதிகாரி ஆகச் சொல்லி கம்பெனி இரண்டு முறை கூப்பிட்டது. முழுநேரமாக வரச் சொல்லி கல்லூரி கூப்பிட்டது. இரண்டுக்கும் போகவில்லை. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

அவரிடம் படித்தவர்களில் பூபதி ஒருவன். அவனும் அவரைப் போலவே வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, கம்பெனியில் சேர்ந்து, தான் படித்த கல்லூரியிலேயே சனிக்கிழமை வகுப்பும் எடுத்து வந்தான். சௌடேஸ்வரி அதற்குள் வேறு கல்லூரிக்கு மாறியிருந்தார். இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது.

ஒரு சனிக்கிழமை மதியம், வகுப்பை முடித்த கையோடு அவர் வீட்டுக்கு வந்தான். கையில் முப்பத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகள் கொண்ட கட்டு.

சௌடேஸ்வரி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்ட தட்டு பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"வா கண்ணு. நல்ல நேரத்துல வந்த. நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு ஒண்ணு எழுதினேன், அப்ப இருந்து படுத்தி எடுக்குது. கொஞ்சம் பாரேன்."

பூபதி எட்டிப் பார்த்தான். "நான் இப்பெல்லாம் புரோகிராமைத் தொடறதில்லைங்க மேடம். டீம் பாத்துக்குது."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு முடிவு கேட்டுப் போலாம்னு வந்தனுங்க. கம்பெனில டெலிவரி ஹெட்டா, எல்லா டீமுக்கும் மேல ஆக்கறாங்க. சனிக்கிழமையும் போகணும், கிளாஸை விடச் சொல்றாங்க. காலேஜ்ல, கம்பெனிய விட்டுட்டு முழுநேரமா வந்துருங்க, துறைத் தலைவர் ஆக்கறோம்ங்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். பத்து நாளா தூக்கம் இல்லைங்க மேடம். எதை விடட்டும்?"

சௌடேஸ்வரி லேப்டாப்பை மூடினார். நோட்டுக் கட்டைப் பார்த்தார்.

"அங்க இன்னும் ரெக்கார்டு நோட்டு இருக்கா?"

"இருக்குதுங்க. இடப்பக்கமும் இருக்குது. உங்க வழக்கம்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அந்த வழக்கத்தைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் கோடு போட்டிருக்கும். புரோகிராமை அங்கே எழுத வேண்டும். இடப்பக்கம் வெறும் வெள்ளைத்தாள். புரோகிராம் ஓடி வந்த விடையை அங்கே எழுத வேண்டும். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றால், முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து, என்ன விடை வர வேண்டுமோ அதை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். மற்ற ஆசிரியர்கள் பார்த்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டில் ஓடாத புரோகிராம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

சௌடேஸ்வரி வந்த முதல் வாரமே அதை நிறுத்தினார். "இடப்பக்கம் உன் தப்பை எழுது. எங்க மாட்டின, எப்படி வெளிய வந்த, அதை எழுது. தப்பு இல்லாத பக்கத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த ஆசிரியர் அந்த நோட்டுகளைப் பார்த்து, இது ரெக்கார்டா குற்றப்பத்திரிகையா என்று கேட்டாராம்.

அந்த நாட்களை நினைத்தால் பூபதிக்கு இன்றும் நெஞ்சு நிறையும். லேபுக்கு வெளியே அறுபது ஜோடி செருப்பு கிடக்கும். தூசி படக்கூடாது என்று கம்ப்யூட்டருக்கெல்லாம் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார்கள். ஏசி போட்டிருப்பது கம்ப்யூட்டருக்காக; ஓரத்தில் உட்கார்ந்தவன் குளிரில் நடுங்குவான். சௌடேஸ்வரி மேடம் இரண்டு பஸ் மாறி வருவார். முந்தின நாள் கழற்ற மறந்த கம்பெனி அடையாள அட்டை கைப்பையில் இருந்து தொங்கிக்கொண்டிருக்கும். வந்ததும் பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். அந்த வாரம் வேலையில் தான் செய்த தப்பைச் சொல்லுவார்.

ஒரு சனிக்கிழமை சொன்னது ஜவுளிக் கடை கதை. வாடிக்கையாளர் பட்டியலுக்கு அவர் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். கடைசிப் பெயர் ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம், குடும்பத்துக்கு ஒரு தீபாவளிப் பரிசு. நம்ம ஊரில் யாருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்று கடை ஊழியர்கள் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். நானூறு பேரும் புள்ளிக் குடும்பம் ஆனார்கள். நானூறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு எவர்சில்வர் டப்பா போனது.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மேடமும் சிரித்தார். பிறகு, "நேத்து அந்த முதலாளி எங்கிட்டப் பேசின பேச்சைக் கேட்டிருந்தா சிரிக்க மாட்டீங்க. பஸ்ல அழுதுட்டே வீட்டுக்குப் போனேன். இப்ப நான் எந்த வரில சறுக்கினேன்னு கண்டுபிடிங்க" என்றார். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாமும் இப்படி ஆக வேண்டும் என்று பூபதி முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அதையெல்லாம் இப்போது இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சௌடேஸ்வரி கட்டை அவிழ்த்து மேலே இருந்த நோட்டைப் பிரித்தார்.

இடப்பக்கம் அழகான கையெழுத்தில் இருந்தது. தலைப்புக்குக் கீழே இரட்டைக்கோடு. "கடைசிப் பெயரில் புள்ளி வைத்ததால் எல்லோரும் ஒரே குடும்பம் என்று வந்தது. பிறகு சரிசெய்தேன்."

அடுத்த நோட்டைப் பிரித்தார். அதிலும் புள்ளி. மூன்றாவதிலும் புள்ளி. நான்காவது பிள்ளை மட்டும் கூடுதலாக, "முதலில் எனக்கு மிகவும் அதிர்ச்சியாக இருந்தது" என்று எழுதியிருந்தாள்.

சௌடேஸ்வரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். முப்பத்திரண்டையும் பிரித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"இது என் தப்பாச்சே, கண்ணு."

"ஆமாங்க மேடம். வருஷா வருஷம் அதைத்தான் சொல்லுவேன். டப்பா போச்சுன்னு சொல்ற இடத்துல கரெக்டா சிரிப்பாங்க."

"அழுதுட்டே பஸ்ல போனதையும் சொல்லுவியா?"

"அது உங்க சமாச்சாரமுங்களே. அதை விட்டுருவேன்."

"சரி. இவங்க யாராவது இதை ஓட்டிப் பாத்தாங்களா?"

பூபதி நோட்டுகளைப் பார்த்தான். முப்பத்திரண்டு பக்கத்திலும் ஒரே வாக்கியம். அடியில் சிவப்பு மையில் அவன் கையெழுத்து.

"ஓட்டியிருக்க மாட்டாங்க" என்றான்.

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டியா?"

"நேரமில்லைங்க மேடம். கிளாஸ் நடுவுலயே கம்பெனில இருந்து போன் வந்துட்டே இருக்கும். வராந்தால நின்னு பேசிட்டு வர்றதுக்குள்ள மணி அடிச்சிரும்."

சௌடேஸ்வரி நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினார். அவருக்குக் கோபம் இல்லை. மனசுதான் கனத்துப்போனது. தன்னுடைய வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று அவர் நினைத்த பையன் இவன்.

"என் தப்பு இருக்கட்டும். உன் தப்பு ஒண்ணு சொல்லு."

"அது நெறய இருக்குதுங்க. டீம்ல இருபது பேர். தினம் ஏதாச்சும் ஒண்ணு சொதப்புவாங்க. நான் பட்டியல் போட்டு மேல அனுப்பிடுவேன்."

"அது அவங்க தப்பு. நீ பண்ணினது?"

பூபதி யோசித்தான். போன வாரத்தை நினைத்துப் பார்த்தான். போன வருஷத்தை நினைத்துப் பார்த்தான். கடைசியாகத் தன் கையால் ஒரு புரோகிராம் எழுதியது எப்போது என்று எண்ணி, நான்காவது வருஷத்தில் போய் நின்றான்.

"நான் தப்புப் பண்ணி நாலு வருஷம் ஆச்சுங்க மேடம்" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

சௌடேஸ்வரி எழுந்து போய் அவனுக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். அவன் தொடவில்லை.

"குடி கண்ணு."

குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு, கேட்க வந்ததை மறுபடியும் கேட்டான். அதை விட்டால் அவனுக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"நீங்க இன்னும் பதில் சொல்லலீங்களே மேடம். திங்கக்கிழமை ஒண்ணை விட்டாகணும். கம்பெனி வேலையை விடறதா, கிளாஸை விடறதா?"

சௌடேஸ்வரி லேப்டாப்பைத் திறந்தார். நேற்று ராத்திரியிலிருந்து ஓடாத அந்தப் புரோகிராம் அப்படியே நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எதை விடறதுன்னு ரெண்டு கையும் நெறஞ்சிருக்கறவங்கதான் யோசிக்கணும். நீ இப்ப எதைப் புடிச்சிட்டு இருக்கற, பூபதி?"