முப்பது புள்ளிகளுக்குக் கீழே

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் பேச்சியம்மாள் மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் நிறுத்தினாள்.

"மெல்லச் சொல்லுங்க அக்கா" என்றாள் ஜெசிந்தா.

ஜெசிந்தா ரீசார்ஜ் கடைக்காரி. பேச்சியம்மாளைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் செல்போனில் 'ஏழு கதவு' என்ற புதிர் விளையாட்டை ஆடும் முப்பத்திரண்டு பேர் குழுவுக்கு அவள்தான் குரு. எல்லோருக்கும் டீச்சர்.

"ஏழாம் கதவை நான் திங்கக்கிழமையே திறந்துட்டேன், டீச்சர்."

"அப்படியா!"

"பாருங்க, உங்களுக்கே தெரியலை. குழுவிலே எழுதினேனே!"

குழுவின் சட்டம் ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் இருப்பதை அடுத்தவர் கண்ணில் படும்படி எழுதக் கூடாது. எழுதியே தீரவேண்டுமென்றால், ஒன்றன்கீழ் ஒன்றாக முப்பது புள்ளி வைத்து, அதற்கும் கீழே எழுத வேண்டும். மீறினால் வெளியேற்றம்.

பேச்சியம்மாள் பயந்த சுபாவம். 'நான் திறந்துவிட்டேன்' என்பதையும் சேர்த்துப் புள்ளிகளுக்குக் கீழேதான் எழுதினாள்.

ஒருவரும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

"இப்ப அந்தக் குமுதினி நாலு மணிக்கு அதைத் திறக்கப் போறேன்னு குழுவிலே அறிவிச்சிருக்கா. முதல் ஆளாம்! நேத்து வந்தவ. ராணிங்கிறாங்க, மகாராணிங்கிறாங்க. வயிறு எரியுது டீச்சர்."

"நான்தான் முதல்னு சொல்லிடுங்களேன்."

"பொறாமையிலே புளுகுறான்னு சிரிப்பாங்க. உள்ளே என்ன இருக்குன்னு சொன்னாத்தான் நம்புவாங்க."

போனை நீட்டினாள். செய்தி தயாராக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

ஜெசிந்தா படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதை அனுப்பினா?"

"என்னைத் தூக்கிடுவீங்க. தெரியும். எட்டாங்கிளாஸோட நின்னவ நான். என்னையும் ஒருத்தின்னு மதிக்கிற இடம் அது ஒண்ணுதான். இருந்தாலும் கை நிக்க மாட்டேங்குது."

"அப்ப என்கிட்ட சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"சொல்லுங்க."

பேச்சியம்மாள் குனிந்து அவள் காதில் சொன்னாள்.

ஜெசிந்தா கடைசிவரை கேட்டாள். பிறகு தன் போனை எடுத்து, அதிலிருந்த ஏழு கதவை அழித்தாள்.

"டீச்சர்! என்ன பண்றீங்க?"

"ரெண்டு மாசமா அந்தக் கதவு முன்னாடிதான் நின்னுட்டிருந்தேன் அக்கா."

"ஐயோ! நீங்க எப்பவோ திறந்துட்டு வெளியே சொல்லாம இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்! உங்களுக்குத் தெரியாதா?"

"இப்பத் தெரியும்."

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எரிச்சல் அடங்கிச்சா?"

ஜெசிந்தா கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லை."

ஜெசிந்தா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மணி மூணரை. இன்னும் முப்பது பேர் இருக்காங்க, அக்கா."

பேச்சியம்மாள் வீட்டுக்கு ஓடினாள். செய்தியை அழித்தாள். அழித்த விரலே மறுபடி முதல் எழுத்தைத் தட்டியது.

போனை அணைத்தாள். துண்டில் சுற்றினாள். அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள்.

நாலு மணி தாண்டும்வரை அந்த மூடிமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.