அட்டைப்படத்து அக்காவுக்கு ஒரு வாய்

ஒரு ஊர்ல ஒரு சமையல் புஸ்தகம் இருந்துச்சாம். அதோட அட்டையில ஒரு அக்கா. மாம்பழக் கலர் புடவை, தலை நெறைய மல்லிப்பூ, ரெண்டு கையிலயும் ஒரு பெரிய தட்டு, தட்டு நெறைய அதிரசம். எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே நிப்பா. ஆனா அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்துச்சு. என்ன தெரியுமா? பசி!

ஆமா கண்ணு, பசிதான். படம் எடுத்த அன்னைக்கு, "தட்டைக் கீழ வெக்காதம்மா, அப்படியே சிரி"ன்னு சொல்லிட்டாங்க. அதோட ரெண்டு கையும் தட்டுலயே ஒட்டிக்கிச்சு. அதிரசம் மூக்குக்குக் கீழயே இருக்கு, எடுத்துத் திங்கக் கை ஏது? பாவம்ல? ம் சொல்லு.

அந்தப் புஸ்தகம் ஒரு அப்பா வீட்டுல இருந்துச்சு. அம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கெளம்பிடுவாங்க, அதனால குட்டிப்பொண்ணுக்குச் சமைக்கறது அப்பாதான். சமையலா? அவருக்குச் சுத்தமா வராது! பத்திரிகையோட இலவசமா வந்த புஸ்தகம் ஒரு கட்டு கெடந்துச்சு, முப்பது வகை ரசம், முப்பது வகை துவையல்னு. முப்பதுல எதைச் செய்யறதுன்னு யோசிக்கறதுக்குள்ள அவருக்கு மத்தியானம் ஆயிடும். அதனால அக்கா புஸ்தகம்தான் அவருக்கு உசுரு. அடுப்புக்குப் பக்கத்துல விரிச்சு நிக்க வெப்பார். எழுத்து அவர் பக்கம், அக்கா அடுப்புப் பக்கம்.

அப்புறம், சாம்பார் கொதிச்சுது, தளபுள தளபுளன்னு. ஆவி மேல வந்துச்சு.

"ஆவியே ஆவியே, எனக்கு ஒரு வாய் ஊட்டேன்."

"என்கிட்ட வாசம்தான் இருக்கு அக்கா"ன்னு சொல்லி, அவ கன்னத்தைத் தடவிட்டு, புஸ்ஸுன்னு போயிடுச்சு.

அப்புறம் கடுகு வெடிச்சுது, படபட சடசடன்னு.

"கடுகே கடுகே, நீயாவது வாயேன்."

"இதோ வந்துட்டேன்!" ஒரே குதி. குறி தப்பி மூக்கு மேல சுருக்! மூக்குத்தி மாதிரி ஒரு கரும்புள்ளி. அழகாத்தான் இருந்துச்சு, ஆனா பசி போகலையே. ம்?

அப்புறம் நெய். கரண்டியிலேர்ந்து ஒரே ஒரு சொட்டு, சொளக்னு அவ நெத்தியில விழுந்து, மெல்ல மெல்ல வழிஞ்சு, வாய்கிட்ட வந்துடுச்சு. அக்கா வாயைத் தொறந்தா. அப்போ பாத்து அப்பா, "ஐயையோ, என் புஸ்தகம் வீணாப்போகுதே!"ன்னு துணியால ஒத்தி எடுத்துட்டார். அதோட விட்டாரா? ஸ்கூல் புஸ்தகத்துக்குப் போடற மாதிரி பழுப்புத்தாள்ல அட்டையும் போட்டுட்டார். ஆசையிலதான் செஞ்சார், ஆனா அக்காவுக்கு ஒரே இருட்டு. பசியோட அந்த இருட்டுல நின்னுக்கிட்டும் சிரிக்கணும். இந்த எடம் வந்தாலே எனக்கு அழுகையா வரும்.

மறுநாள் சேமியா பாயசம். குட்டிப்பொண்ணு வாயைத் தொறக்க மாட்டேங்கறா. "ஒரே ஒரு வாய்டா"ன்னு அப்பா கெஞ்சறார். அவ சுத்திச் சுத்திப் பாக்கறா.

"அக்கா எங்கே?"

"உள்ள இருக்கா."

"சாப்ட்டாளா?"

"அது படம்மா. படம் சாப்பிடாது."

"கையில தட்டு வெச்சிருக்கா. எப்படிச் சாப்பிடுவா?"

அப்பா எத்தனை நாளா அந்தப் புஸ்தகத்தை வெச்சிருக்கார், அவருக்கு இது தோணவே இல்ல!

அப்போ அவ என்ன பண்ணா? சர்ர்ர்னு தாளைக் கிழிச்சா. வெரலைப் பாயசத்துல முக்கினா. "ஆ சொல்லு"ன்னு அக்கா வாய் மேல வெச்சா, பச்சக்!

வெதுவெதுன்னு, இனிப்பா, ஏலக்காய் வாசத்தோட உள்ள எறங்குச்சு. தலையில இருந்த மல்லி மொட்டு ஒவ்வொண்ணா மலர்ந்துச்சு. தட்டு லேசா ஆடுச்சு. அக்கா மொத மொதல்ல தானா சிரிச்சா. அதைப் பாத்துட்டுக் குட்டிப்பொண்ணும் "ஆ"ன்னு வாயைத் தொறந்தா.

நாளைக்கு நம்ம அடுப்படிப் புஸ்தகத்தை எடுத்துப் பாரு. அக்கா மூக்குல கரும்புள்ளி இருக்கும். வாய் மேல ஒரு பிசுக்கு இருக்கும், சின்னதா, ஒரு வெரல் அளவுக்கு. உன் வெரலை அது மேல வெச்சுப் பாரு. பொருந்தாது. அப்போ உன் வெரல் இன்னும் குட்டியா இருந்துச்சு.

ம் சொல்லலையே? சரி. அக்காவுக்கும் வயிறு ரொம்பிடுச்சு, கதைக்கும் வயிறு ரொம்பிடுச்சு. நீ தூங்கு குயிலி.