சந்தனம் பூசிய துப்பாக்கி

ஆனைக்கல் ஜமீனின் சாமய்யத் துரைக்குக் கோபம் வந்தால் அரண்மனைப் புறாக்கள் அடுத்த ஜமீனுக்குக் குடிபோய்விடும். அன்று அவர் கோணமலை ஏறியபோது மலைப்பாதையில் ஒரு குருவிகூட இல்லை.

மலை உச்சியில் அவருடைய குரு விளக்குத் திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். துரையைவிட இருபது வயது இளையவர்.

துரை புத்தம்புதுத் துப்பாக்கியைப் பாறைமேல் தொப்பென்று போட்டார்.

"சீமையிலிருந்து கப்பல்ல வந்தது சாமி! பெட்டியைப் பிரிச்ச நாள்லேர்ந்து ஒரு குண்டு வெடிக்கலை!"

"இப்ப உள்ளே தோட்டா இருக்கா?"

"இல்லை. நேத்து புலி என் எதிர்ல நிக்குது. விசையை இழுத்தேன். 'டிக்'குன்னுச்சு. புலி திரும்பிப் பாத்துக் கொட்டாவி விட்டுது சாமி! அப்புறம் மாட்டைத் தூக்கிக்கிட்டு நிதானமா நடந்து போகுது. குடியானவங்க வண்டி கட்டுறாங்க. இன்னிக்கும் சுடலேன்னா நாளைக்கு ஊர்ல நானும் புலியும்தான்."

குரு திரியை இன்னும் கொஞ்சம் கத்தரித்தார்.

"நீங்க குடுத்த மந்திரமும் இதே லட்சணம்தான்! கோபம் தணியும்னீங்க. எங்கே தணிஞ்சுது? எனக்கு வாய்க்கிறதெல்லாம் பெட்டியில வரும்போதே கோளாறு!"

"பெட்டியைப் பிரிச்சதும் என்ன பண்ணீங்க ராஜா?"

துரையின் மீசை நிமிர்ந்தது. "பட்டு விரிச்சேன். மேளம் வச்சேன். உச்சியிலேர்ந்து பாதம் வரைக்கும் சந்தனக் காப்பு. தினமும் புதுசா."

"கப்பல்ல துருப்பிடிக்காம இருக்க உள்ளே மசகு தடவியிருப்பானே. அதைத் துடைச்சீங்களா?"

"ஆயுதத்தைத் துடைக்கிறது வேலைக்காரன் வேலை."

"வேலைக்காரன்?"

"சந்தனத்துமேல கைவைக்க அவன் பயந்தான்."

குரு துப்பாக்கியின் பூட்டைக் கழற்றினார். தோட்டாவின் முதுகில் குத்த வேண்டிய ஊசி மசகிலும் காய்ந்த சந்தனத்திலும் புதைந்து கிடந்தது. விளக்கிலிருந்து சீமெண்ணெயைச் சாய்த்தார். குச்சியால் சுரண்டினார். வேட்டி நுனியால் துடைத்தார். கோத்து நீட்டினார்.

துரை தோட்டாவைப் போட்டு எதிர்ப் பாறையைச் சுட்டார்.

வெடித்த வெடியில் ஏழு மலைகளும் ஒன்றையொன்று என்னவென்று கேட்டுக்கொண்டன. கீழே வண்டி கட்டியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

துரை சிரித்தார். உடனே முகம் கடுகடுத்தது.

"சரி, இது வெடிச்சுது. மந்திரத்துக்கு என்ன பதில்?"

"அதை எப்படி வச்சிருக்கீங்க?"

"தங்கத் தகட்டுல பொறிச்சு வெள்ளிப் பேழைக்குள்ள வச்சிருக்கேன். தினமும் சந்தனம், பூ, சாம்பிராணி. ஒரு குறையும் இல்லை."

"சொல்றது?"

"அதுக்குத்தான் சம்பளத்துக்கு ஆள் போட்டிருக்கேனே!"

குரு விளக்கைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் சீமெண்ணெய் மிச்சமிருக்கு ராஜா. பேழையைக் கொண்டாங்க."