பவழக்கரை வங்கியும் மூன்று கல் அடுப்பும்

"சாமி, இந்த ரெண்டு பேரோட மாரடிக்க இனி என்னால ஆகாது."

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே மரகதவல்லி சொல்லிவிட்டார்.

குறும்பை நாட்டின் நிதி ஆணையர் அவர். குரு அடைக்கலநாதரைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் சீடர். மூன்று நாட்டு எல்லையும் கூடும் அந்தக் குன்றில் குடில் போடுவதற்கு முன், குரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். அந்த வேலை பார்த்தவருக்குத் துறவைத் தவிர வேறு கதியில்லை என்பது கற்றோர் கருத்து.

"எந்த ரெண்டு பேர்?"

"மருதை ஆணையரும் வெண்கரை ஆணையரும். பவழக்கரை வங்கி முழுகுது. மூணு நாட்டுலயும் கிளை. திங்கட்கிழமை கதவு திறக்கறதுக்குள்ள மூணு பேரும் சேர்ந்து தூக்கி நிறுத்தணும். இல்லைன்னா எங்க ஊர் நர்ஸுங்க மருதையில கண்முழிச்சுச் சம்பாதிச்ச காசு வீடு வந்து சேராது."

"நிறுத்த வழி?"

"இருக்கு. வங்கியோட கடன் பத்திரத்தை வாங்கினவங்களைப் பங்குதாரரா மாத்திட்டா கடன் தீரும், வங்கி பிழைக்கும். எங்க சட்டத்துல இடமிருக்கு. ஆனா பத்திரம் வெண்கரைச் சட்டப்படி எழுதினது. அங்க யாருக்குப் பங்கு கொடுத்தாலும் முதல்ல விளக்க அறிக்கை அச்சடிச்சுக் கொடுக்கணுமாம். வீடு பத்தி எரியுது, சாமி! வாளித் தண்ணிக்கு ஆய்வுச் சான்று கேக்கறாங்க அந்த வெண்கரை அம்மா."

"நியாயம்தானே. தண்ணி சுத்தமான்னு தெரிய வேண்டாமா?"

மரகதவல்லி பல்லைக் கடித்தார். உள்ளேயிருந்து ஏதோ தீயும் வாடை வந்தது.

"மருதைக்காரர்?"

"அவர் அதுக்கு மேல. வாய் நிறைய ஒத்துழைப்பு. ஆனா அங்க இருக்கற கிளைப் பணம் எல்லை தாண்டாம பூட்டறதுக்கு இப்பவே ஆளை உக்கார வச்சிருக்கார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் செய்யறதுதானே!"

குரு அவரைச் சும்மா பார்த்தார். அவருடைய சீடர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

"சரி, நானும்தான்," என்றார் மரகதவல்லி. "பொழுது சாயறதுக்குள்ள நான் தடுக்கலைன்னா எங்க கிளைங்களைப் பூட்டச் சொல்லி துணை ஆணையர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். முன்னெச்சரிக்கை."

"அவங்க பூட்டினா?"

"துரோகம்."

வாடை நெடியாகிவிட்டது.

"சாமி, அடுப்புல என்னமோ தீயுது."

"ஆமா. காலையிலேர்ந்து."

"கிளற ஆளில்லையா?"

"ஆளா? வந்து பாருங்க."

குடிலின் அடுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. வங்கிகளைச் சேர்ந்து காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் மூன்று நாடும் தத்தம் முத்திரை பொறித்த கல் ஒவ்வொன்று கொண்டுவந்து, இந்தக் குன்றில் அடுப்புக் கூட்டி, பொங்கல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டன. தன் மக்கள் நலன் கருதி எந்த நாடும் தன் கல்லை எப்போது வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தத்தின் கடைசிப் பிரிவு. எழுதியவர் அடைக்கலநாதர். அவர் துறவு பூண்டது அடுத்த வாரம்.

அந்த அடுப்பில் கஞ்சிப்பானை புகைந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் மருதை ஆணையர் குந்தியிருந்தார், தன் கல்லை இடுக்கியால் கவ்விப் பிடித்தபடி. மறுபக்கம் வெண்கரை அம்மாள், அதே கோலம். இருவர் கண்ணும் அடுத்தவர் கையில்.

"வாங்க," என்றார் மருதைக்காரர், நிமிராமல். "உங்க கல்லு அந்தப் பக்கம். நாங்க தொடலை."

"சாப்பிட்டீங்களா?" பழக்க தோஷத்தில் மரகதவல்லி கேட்டுவிட்டார்.

"எங்க சாப்பிடறது? இந்த அம்மா இடுக்கியைக் கீழ வச்சா நான் அகப்பையை எடுப்பேன்."

"முதல்ல அவர் வைக்கட்டும்," என்றார் வெண்கரை அம்மாள். "அதையும் எழுத்துல கொடுக்கட்டும்."

குரு மாடத்திலிருந்து மூன்றாவது இடுக்கியை எடுத்து நீட்டினார்.

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சேன்."

மரகதவல்லி வாங்கினார். குந்தினார். குறும்பையின் மீன் முத்திரைக் கல்லுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாகக் கவ்வியது இடுக்கி. கண் தானாக மற்ற இருவரின் கைக்குப் போயிற்று.

பானைக்குள் ஏதோ வெடித்தது.

வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

மரகதவல்லி இடுக்கியை முற்றத்தில் வீசி எறிந்தார். அது கருங்கல்லில் மோதிய சத்தத்தில் இருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அவர்கள் காதுபடவே துணை ஆணையரிடம் ஃபோனில் பேசினார்.

"தில்லைக்கரசி, பூட்ட வேண்டாம். உக்காந்திருக்கற ஆளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பு."

பிறகு வெறுங்கையை நீட்டினார்.

"அகப்பையை இப்படிக் கொடுங்க."

"எல்லாம் தீஞ்சு போச்சே," என்றார் மருதைக்காரர்.

"அடிதான் தீஞ்சிருக்கு. மேல இருக்கறது மூணு பேருக்குப் போதும்."