தேரோடும் வீதியில் விலை இறங்கிய கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னே பூவரசபுரியைக் குலதிலகன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் தவில்காரர் மாசிலாமணி சபைக்குத் தாமதமாக வந்தார் என்று அவரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டான்.

"ஆத்துக்கு அக்கரையில குடியிருக்கேன் மகாராஜா. ஓடம் வந்தாத்தானே நான் வரமுடியும்? தேரோடும் வீதியில இருந்த எங்க வீடு கைமாறிப் போச்சு. இப்போ விலை இறங்குது. இன்னும் கொஞ்சம் இறங்கினா மீட்டுருவேன்."

அரண்மனை அதிகாரி திருமேனிநாதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீதியில் நாற்பத்திரண்டு வீடுகளை வளைத்துப் போட்டு, விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருந்த புண்ணியவான் அவர்தான். வாங்க வேண்டிய ஜனங்கள் எல்லாரும் அக்கரைக்குப் போய்விட்டார்கள், விலை எப்படி ஏறும்?

"மகாராஜா, வீட்டு விலை இறங்கினால் ராஜ்யத்தின் மானமே இறங்கியதாக அர்த்தம். இந்த வருஷம் தொடங்கி, பழைய விலைக்குக் குறைத்து விற்பவனுக்குச் சிறை என்று ஆணையிடுங்கள். ஓலை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்."

மானம் என்று காதில் விழுந்தால் போதும், ராஜா நிமிர்ந்துவிடுவான். "தேர்த்திருவிழா முடிந்ததும் முத்திரை வைக்கிறேன்," என்றான். மாசிலாமணிக்கு முகம் செத்துப்போயிற்று.

அமைச்சர் நல்லசிவம் தொண்டையைக் கனைத்தார். "பெரிய மகாராஜா தேருக்கு முன்னால் நடந்தே போவார். நீங்களும் கூடப் போவீர்கள்."

ராஜாவின் பார்வை எங்கோ போய்விட்டது. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்த வீதி அது. வாசலுக்கு வாசல் கதவு திறந்திருக்கும். வீட்டுக்காரர் தம் கையாலேயே பானகம் கொடுப்பார். ஒரு வீட்டில் சுக்கு தூக்கல், அடுத்த வீட்டில் ஏலக்காய். அதைக் குடித்த பிறகுதான் தேர் அந்த வீட்டைத் தாண்டும். இவன் பல்லக்கில் ஏறியதோடு அந்த வழக்கமும் போயிற்று. நினைக்க நினைக்க ஏக்கமாக இருந்தது அவனுக்கு.

"இந்த வருஷம் நடக்கிறேன். வீட்டுக்குச் சொந்தக்காரரே பானகம் தரவேண்டும், வேலைக்காரர் கூடாது. உச்சிவேளைக்குள் தேர் நிலைக்கு வரவேண்டும். தடங்கல் செய்பவனுக்குச் சிறை."

"அப்படியானால் எனக்கு நாற்பத்திரண்டு மரியாதை," என்று மீசையை நீவிக்கொண்டார் திருமேனிநாதர்.

தேர் நாளன்று முதல் வாசலில் அவர் கம்பீரமாகச் சொம்பை நீட்டினார். இரண்டாவது வாசலுக்கு வேகமாக நடந்தார். மூன்றாவதற்கு ஓடினார். ஐந்தாவது வீட்டில் சாவிக்கொத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. தேர் நின்றது.

வெயிலில் நின்ற ராஜா பூட்டிய கதவுகளை வரிசையாகப் பார்த்தான். "எல்லா வாசலிலும் உம்ம மூஞ்சிதானா ஓய்? என் ஜனங்கள் எங்கே?"

நல்லசிவம் அதிகாரியின் காதோரம் சொன்னார்: "வடம் பிடிக்க அக்கரை ஜனங்கள் வந்திருக்கிறார்கள். வீட்டை விற்றுவிடும். வாங்கியவர் வாசலில் நிற்கட்டும்."

"ஆயிரம் பொன்," என்று கூவினார் திருமேனிநாதர். ஒருவரும் வடத்தை விடவில்லை. வெயில் ஏறியது. "அறுநூறு." ராஜா அண்ணாந்து சூரியனைப் பார்த்தான். "நானூறுதான் ஐயா."

"இது எங்க பழைய வீடுதான். எங்கிட்ட நூத்தியிருபதுதான் இருக்கு," என்றார் மாசிலாமணி.

"சரி, கொடுத்துத் தொலையும். பூட்டை உடைத்துக் கதவைத் திறவும்."

மாசிலாமணி ஒரே அடியில் பூட்டை உடைத்தார். மனைவி மடியில் கொண்டுவந்திருந்த வெல்லத்தைக் கரைத்தாள். ராஜா குடித்தான், கண்ணைத் துடைக்கக்கூட மறந்து நின்றான். அப்புறம் வீட்டுக்கு வீடு விலை சரிந்தது. வீதிமுனையில் திருமேனிநாதர், "இருப்பதைக் கொடுங்கள், மிச்சம் மெதுவாகத் தாருங்கள்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் குடியிருக்கும் வீடு ஒன்றுதான் மிஞ்சியது. உச்சிக்குத் தேர் நிலைக்கு வந்தது.

"கொண்டா அந்த ஓலையை, முத்திரை வைக்கிறேன்," என்றான் ராஜா.

"வையுங்கள் மகாராஜா. இந்த வருஷம் குறைத்து விற்றவர் பக்கத்திலேயே நிற்கிறார், தேட வேண்டியதில்லை," என்றார் நல்லசிவம்.

திருமேனிநாதர் பாய்ந்து வந்து ஓலையைத் தம் கையாலேயே கிழித்துப் போட்டார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான்.

அடுத்த வருஷத் தேருக்கு வீதி நெடுக வெவ்வேறு முகங்கள், வெவ்வேறு ருசிகள். ஒரு வாசலில் திருமேனிநாதரும் சொம்போடு நின்றார்.

"என்ன ஓய், இந்த வருஷம் மூச்சு வாங்கவில்லையே?"

"ஒரே வாசல்தானே மகாராஜா," என்று சொம்பை நீட்டினார் அவர்.